கூடுவாஞ்சேரியிலிருந்து நான் போட்ட போன்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன். மேற்கு தாம்பரத்தில் வாடகைக்கு இருந்த போர்ஷனின் குளியலறை ஜன்னலில் கருப்புத் துணி அடித்து டார்க் ரூம் ஆக்கினேன். நாற்றம் தாங்கவில்லை, காலி பண்ணு என்றார் வீட்டுக்காரர். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் எடுத்த படங்களைப் பார்த்த பிறகு, மொட்டை மாடியில் ஒரு ரூமே போட்டுக் கொடுத்தார். கலர் பிரிண்டுக்கு எல்லோரும் மவுண்ட் ரோட்டுக்கு ஓடிய காலத்தில் தாம்பரத்துக்கு ஒரு ஜப்பான் மெஷினைக் கொண்டுவந்தேன். அதன் மேனுவல் முழுக்க இங்கிலீஷ். நான் படங்களைப் பார்த்தே கழற்றினேன், படங்களைப் பார்த்தே மாட்டினேன், ஓடியது. இரும்புலியூரில் ஆல்பம் பைண்டிங் யூனிட் வைத்தேன். ஃபிலிம் செத்தபோது இந்தப் பக்கத்தில் பாதி லேப் ஷட்டரை இறக்கியது. நான் இறக்கவில்லை. டிசைன், வீடியோ எடிட்டிங் இரண்டையும் சேர்த்தேன். மகளை எம்.பி.ஏ. படிக்க வைத்தேன். இப்போது லேப்பை நடத்துவது அவள்தான், கவிதா.

இவ்வளவும் செய்தவனுக்கு, பெரிய ஃபைல்கள் சர்வரில் ஏறாமல் நின்ற விவகாரத்தைத் தீர்த்ததில் எந்தப் பங்கும் இல்லையாம். போன மாதம் நம் ஸ்டூடியோ சங்க இதழில் வந்த கட்டுரை அப்படித்தான் இருக்கிறது. எழுதியவர் எங்கள் லேப்பின் சர்வர் இன்ஜினியர் ஜெரால்ட். நன்றாக எழுதியிருக்கிறார், அதை நான் மறைக்கப் போவதில்லை. எல்லாம் இருக்கிறது, என் பேர் மட்டும் இல்லை. இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் படித்தேன். இல்லை.

ஆகவே நானும் எழுதுகிறேன். பொறாமையில் எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பொறாமைதான். அதற்காக நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

1. ஆடியில் வந்தவர்

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணம் என்றால் ஸ்டூடியோக்காரர் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் எடிட்டிங்குக்கு எங்களிடம் வர வேண்டும். முன்பு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறி, கையிலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். வண்டலூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு வரைக்கும் எனக்கு ஆள் உண்டு. டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு என்னோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். கேமரா 4K ஆனதும் ஒரு கல்யாணமே மலை மாதிரி சைஸுக்கு வந்துவிட்டது. எல்லா ஸ்டூடியோவிலும் ஃபைபர் லைன் இருக்கிறதே, இணையத்திலேயே ஏற்றட்டும் என்று கவிதா ஒரு கம்பெனியிடம் சொல்லி அப்லோட் பக்கம் போட்டாள்.

பக்கம் வந்தது, ஃபைல் ஏறவில்லை. சின்ன ஃபைல் போகும். பெரிய ஃபைல் என்றால் சிலது போட்ட உடனே சிவப்பு எழுத்தில் திரும்பி வரும், சிலது பாதி வரை போய் அப்படியே நிற்கும். பக்கம் போட்ட கம்பெனி போனை எடுப்பதை நிறுத்திவிட்டது. அப்போதுதான் கவிதா ஜெரால்டை அழைத்து வந்தாள். ஓ.எம்.ஆரில் பெரிய கம்பெனியில் இருந்து, ஆட்குறைப்பில் வேலை போனவர். நாற்பது வயது இருக்கும், வீடு இரும்புலியூர், அம்மா அப்பா இருவரும் ரிட்டயர்ட் டீச்சர். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசுவார். குரலை உயர்த்தாமல் பேசுகிறவரோடு சண்டையும் போட முடியாது.

வந்த அன்றே மத்தியானத்துக்குள் காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"சார், ஃபைல் இவ்ளோ சைஸ்தான் வரலாம்னு சர்வர்ல லிமிட் ஒரே இடத்துல இல்ல, மூணு இடத்துல இருக்கு. பக்கம் போட்டவங்க ஒரு இடத்துல மட்டும் ஏத்தி வெச்சிருக்காங்க. வாசல்ல லாரி போற கேட் போட்டுட்டு, உள்ள ரூமுக்கு பாத்ரூம் கதவு வெச்ச மாதிரி."

"அப்ப பாதில நிக்கறது?"

"அது டைம் அவுட் சார். பெரிய ஃபைல் ஏற நேரம் எடுக்கும். அதுவரைக்கும் காத்திருக்கணும்னு சர்வருக்குச் சொல்லல. அது பொறுமை போய் கட் பண்ணிடுது."

சொன்ன உதாரணம் எனக்கே புரிந்தது. அதுதான் எரிச்சல். புரியாத மாதிரி பேசியிருந்தால் படிச்ச திமிர் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருப்பேன். மூன்று லிமிட்டையும் ஏற்றினார், நேரத்தையும் கூட்டினார். எங்களிடம் இருந்ததிலேயே பெரிய கல்யாண வீடியோவை அவர் வீட்டிலிருந்து ஏற்றிக் காட்டினார். போனது. மறுநாள் இன்னொன்று. அதுவும் போனது.

கவிதா எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாள். "அப்பா, நம்ம தலைவலி போச்சுப்பா. ஜெரால்ட் சார் வந்த நேரம்" என்றாள். நான் மெஷின் வாங்கிய நாளில் என் வீட்டில் யாரும் ஸ்வீட் வாங்கவில்லை. என் மனைவி பயந்துபோய் அழுதாள். அதை இப்போது சொல்லி என்ன?

அதற்குப் பிறகு லேப்பில் எது என்றாலும் ஜெரால்ட் சார்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட அவரைக் கூப்பிட்டார்கள். பைண்டிங்கில் இருக்கும் பெண்கள் அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ என்று மனப்பாடம் செய்துவிட்டார்கள். எனக்கும் சர்க்கரை நோய்தான். எனக்கு இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ஜெரால்ட் சேர்ந்தது ஆடி மாதம். நம்மிடம் ஆடியில் யார் வீட்டில் கல்யாணம் நடக்கும்? அவர் சோதித்ததெல்லாம் ஆள் இல்லாத ரோட்டில் வண்டி ஓட்டிப் பார்த்த கதைதான்.

2. ஆவணியின் முதல் முகூர்த்தம்

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தமே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் மண்டபம் மண்டபமாக வாழைமரம். மறுநாள் காலை எல்லா ஸ்டூடியோவும் கடையைத் திறந்து ஏற்ற ஆரம்பித்தது. எங்கள் லேப்பில் போன் அடிக்க ஆரம்பித்தது.

எல்லோரும் சொன்னது ஒன்றேதான். எப்போதாவது ஒன்று முழுதாக ஏறுகிறது, மற்றதெல்லாம் தொண்ணூறு சதவீதம் வரை போய் நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது.

ஜெரால்ட் லாக் பார்த்தார். லாக் என்பது சர்வர் தானே எழுதி வைக்கிற டைரி. யார் வந்தார், என்ன அனுப்பினார், எப்போது போனார் என்பது அதில் இருக்கும்.

"சார், இதுல பாருங்க. பாதிப்பேர் லைனை அவங்களே கட் பண்ணியிருக்காங்க. சர்வர் கட் பண்ணல, கஸ்டமர் சைடுலதான் க்ளோஸ் ஆயிருக்கு. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் லாக்ல எதுவுமே இல்ல. ட்ராஃபிக்கே இல்ல போல."

"போன் இப்படி அடிக்குது, ட்ராஃபிக் இல்லன்றீங்க?"

"இடமும் போதும் சார். எத்தனை ஸ்டூடியோ, ஒரு கல்யாணம் எவ்ளோ சைஸ், எல்லாம் கணக்கு போட்டுதான் டிஸ்க் வெச்சேன். ஒரே நாள்ல எல்லாரும் வந்தாலும் தாங்கும். அவங்க நெட்டுதான் ப்ராப்ளம்னு நினைக்கிறேன்."

அவர் போட்ட கணக்கில் தப்பு இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். அவர் டிஸ்க்கைத் திறந்து காட்டினார், பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை கூடுவாஞ்சேரி பாஸ்கர் போன் செய்தான். இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவன் அவன்தான். அவன் எந்த லேப்புக்குப் போகிறானோ, பாதிப்பேர் அங்கேதான் போவார்கள். முன்பெல்லாம் நேராக எனக்குப் பண்ணுவான். இந்தத் தடவை கவிதாவுக்குப் பண்ணி, "அந்த ஜெரால்ட் சார்கிட்ட குடும்மா" என்றானாம். அவரிடம் அவன் சொன்னது: வண்டலூர் கல்யாணம் ஒன்று ஏறாமல் நிற்கிறது, மாப்பிள்ளை ஊரில் சனிக்கிழமை ரிசப்ஷன், அங்கே திரையில் ஓட ஹைலைட்ஸ் வீடியோ வேண்டும், இன்றைக்கு ஏறாவிட்டால் குரூப்பில் இருக்கும் எல்லோரும் வேறு லேப் பார்த்துக்கொள்வோம்.

எனக்கு இரண்டு வலி. லேப் போய்விடுமோ என்பது ஒன்று. பாஸ்கர் என்னைக் கேட்கவில்லையே என்பது இன்னொன்று. எது பெரிய வலி என்று கேட்காதீர்கள்.

ஜெரால்ட் சர்வர் ரூமில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ட்ரெயின் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

3. மூன்று சிஸ்டம்

பாஸ்கரின் ஸ்டூடியோ கூடுவாஞ்சேரி மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில். நான் ஏறிப் போனதும் பாஸ்கருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வாண்ணா. நீ இன்னாத்துக்கு வந்த இவ்ளோ தூரம்? அந்த சார்கிட்ட சொல்ட்டேனே."

"ஏன், நான் வந்தா படி ஏறக் கூடாதா?"

"அய்ய, அது இல்லணா. இது கம்ப்யூட்டர் மேட்டரு."

"நீ கேமரா புடிக்கக் கத்துக்கினது யார் லேப்புலடா?"

"அத்த வுடுணா. இத்தப் பாரு. உன் சர்வரு இன்னா சர்வரோ, நல்லா ஏறிக்கினே போவுது, தொண்ணூறு தாண்டனா படுத்துக்குது. பொண்ணு வூட்டுக்காரரு காலைலேர்ந்து போன் மேல போன். ஒரே பேஜாரு."

நான் அவன் மேஜையைப் பார்த்தேன். மூன்று சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றிலும் எங்கள் அப்லோட் பக்கம். மூன்றிலும் அதே வண்டலூர் கல்யாணம்.

"இன்னாடா இது, மூணுலயும் ஒரே ஃபைலு ஓடுது?"

"ஆமாணா. மூணுலயும் வுட்டுக்கீறேன். எது மொதல்ல ஏறுதோ ஏறட்டும். ஒண்ணு ஏறிட்டா மத்த ரெண்ட மூடிடுவேன்."

"உனக்கு யார் சொன்னா இப்படிப் பண்ணச் சொல்லி?"

"இத்த வேற ஒர்த்தர் சொல்லணுமா? தாம்பரம் ஸ்டேசன்ல டிக்கெட் எடுத்தது இல்லியா நீ? நான் ஒரு லைன்ல நிப்பேன், வூட்டுக்காரி ஒரு லைன்ல, மச்சான் ஒரு லைன்ல. எவனுது மொதல்ல கவுண்டர் வருதோ, மத்தவன் அங்க ஓட்றது. அதே ஐடியாதான். நம்ம குரூப்ல நாந்தான் போட்டேன். இப்ப எல்லாப் பசங்களும் இப்டித்தான் ஏத்தறாங்க."

பெருமையாகச் சொன்னான். அப்லோட் பக்கம் மக்கர் பண்ணிய நாட்களில் பிடித்த பழக்கம் இது. ஜெரால்ட் சரி செய்த பிறகும் யாரும் விடவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்தது. ஜெரால்ட் ஒரு ஸ்டூடியோவுக்கு ஒரு கல்யாணம் என்று கணக்கு போட்டிருக்கிறார். இங்கே ஒரே கல்யாணம் மூன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கேயே நின்று போன் போட்டேன்.

"ஜெரால்ட், இங்க ஒரே ஃபைலை மூணு சிஸ்டத்துலேர்ந்து ஏத்தறாங்க. எல்லா ஸ்டூடியோவுலயும் இப்படித்தானாம்."



"மூணா? ஆனா சார், எனக்கு ஒரு காப்பிதானே வருது?"

"ஒண்ணு ஏறுனதும் மீதிய மூடிடறாங்கய்யா. நீங்க பாத்தீங்களே, கஸ்டமரே கட் பண்ணாங்கன்னு, அது இதுதான். டிஸ்க்க இப்பப் பாருங்க. நின்னு போனப்புறம் இல்ல. இப்ப, ஏறிக்கினு இருக்கும்போதே பாருங்க."

கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் குரல் உயர்ந்தது.

"சார்! டெம்ப் ஃபுல் ஆகப் போகுது சார்! டிஸ்க்ல துளி இடம்தான் மிச்சம்!"

டெம்ப் என்றால் என்ன என்பதை அவர் பிறகு விளக்கியதை என் பாணியில் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் வருகிறவர்களை நேராகப் பந்தியில் உட்கார வைப்பதில்லை. முன் ஹாலில் உட்கார வைத்து, இலை போட்டதும் உள்ளே விடுகிறோம். சர்வரும் அப்படித்தான். வருகிற ஃபைலை நேராக அதன் இடத்தில் வைக்காது. முழுதாக வந்து சேரும்வரை டெம்ப் என்கிற முன் ஹாலில் வைத்திருக்கும். ஒருவருக்கு மூன்று பேர் என்று வந்ததில் முன் ஹால் நிறைந்து வழிந்தது. நிறைந்ததும் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். தள்ளியதும் ஹால் காலி. அதற்குப் பிறகு ஜெரால்ட் வந்து பார்த்தால் இடம் இருக்கிறது. டைரி எழுதவும் அதே டிஸ்க்தான். டிஸ்க் நிறைந்தபோது லாக் எழுதக்கூட இடம் இல்லை. அதனால்தான் சரியாக அந்த நேரத்தில் லாக் வெறுமையாக இருந்தது. ட்ராஃபிக் இல்லாததால் அல்ல.

இதெல்லாம் ஜெரால்டின் கட்டுரையில் இருக்கிறது. "வாடிக்கையாளர்கள் ஒரே ஃபைலைப் பல சிஸ்டங்களில் ஏற்றியது கண்டறியப்பட்டது" என்று ஒரு வரி. கண்டறியப்பட்டதாம். யாரால்? தானாகவே எழுந்து வந்து நின்றதா?

கண்டறிந்தது பாதி வேலைதான். மீதியைக் கேளுங்கள். பாஸ்கரிடம் இரண்டை மூடு என்றேன்.

"வெளயாடாதணா. நான் மூட்றதுதான் நல்லா ஏறிக்கினு இருந்துதுன்னா?"

"மூட்றா."

"எதுணா மூட்றது? இது எழுவதுல கீது, அது எழுவத்தி ரெண்டுல கீது."

"எழுபத்தி ரெண்டை வெச்சிக்க. மத்தத மூடு. ஏறலன்னா டிஸ்க்க என் மடில வெச்சிக்கினு நானே ட்ரெயின்ல கொண்டு போறேன். இன்னா சொல்ற?"

தலையைச் சொறிந்தான். இரண்டையும் மூடினான். ஒரு ஸ்டூடியோ மூடினால் போதாது என்று ஜெரால்ட் போனில் சொன்னார். எல்லோருக்கும் மெயில் அனுப்பட்டுமா என்று கேட்டார். ஸ்டூடியோக்காரன் எவன் மெயில் பார்க்கிறான்? பாஸ்கரின் போனை வாங்கி, அவர்கள் குரூப்பில் நான் பேசிப் போட்டேன்.

"நான் எத்திராஜ் பேசறேன். எல்லாரும் ஒரே ஒரு சிஸ்டத்துல மட்டும் வெச்சிக்கினு மத்ததெல்லாம் இப்பவே மூடுங்க. முன்னாடி இருக்கறவன் எறங்குனாதான் பின்னாடி இருக்கறவன் ஏற முடியும். மூடிட்டு ஃபைல் ஏறலன்னா என் வூட்டு வாசல்ல வந்து நில்லுங்க. வீடு எல்லாருக்கும் தெரியும்."

மூடினார்கள். ஒவ்வொருவராக "மூடிட்டேன்ணா", "ஒண்ணுதாண்ணா ஓடுது" என்று போட்டார்கள். வண்டலூர் கல்யாணம் தொண்ணூறைத் தாண்டியது, தொண்ணூற்றைந்தைத் தாண்டியது, ஏறி முடிந்தது. பாஸ்கர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஜெரால்ட் போனில் "சூப்பர் சார், சூப்பர்" என்றார். அந்த ஒரு நாள் நான் சூப்பர்.

4. துண்டு துண்டாக

அடுத்த வாரம் ஜெரால்ட் டெம்ப்புக்குத் தனி டிஸ்க் போட்டார், லாக்குக்கு வேறு இடம் கொடுத்தார். அதோடு விட்டிருந்தாலும் ஓடியிருக்கும். ஆனால் லைன் போனால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்ற பயம் இருக்கும்வரை, இவர்கள் மறுபடி மூன்று சிஸ்டத்தில் போடத்தான் போகிறார்கள். இதை அவரிடம் சொன்னதும் நான்தான்.

"ஜெரால்ட், நாம ஆல்பம் அடிக்கிறோம். ஒரு ஷீட்ல கறை பட்டா முழு ஆல்பத்தையா மறுபடி அடிக்கிறோம்? அந்த ஒரு ஷீட்டத்தானே? ஃபைலையும் அப்படி ஷீட் ஷீட்டா வாங்க முடியாதா?"

"முடியும் சார். சங்க் அப்லோடுன்னு பேரு. எல்லா எடத்துலயும் இருக்கறதுதான். நானும் அதைத்தான் ப்ளான் பண்ணிட்டிருந்தேன்."

ப்ளான் பண்ணிக்கொண்டிருந்தாராம். இருக்கலாம். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். ஆனால் நான் கேட்ட மறுநாள்தான் வேலையை ஆரம்பித்தார். அதற்கு முன்பு ஏன் ஆரம்பிக்கவில்லை?

செய்தது அருமையான வேலை. அதையும் எழுதிவிடுகிறேன், என் மனசு ஒப்பவில்லை என்றாலும். ஃபைல் துண்டு துண்டாகப் போகும். லைன் போனால் விட்ட துண்டிலிருந்து தொடரும். அதே ஃபைலை வேறு சிஸ்டத்தில் போட்டால் சர்வர் அடையாளம் கண்டுபிடித்து, இது ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடும். எனக்கு அந்த மாதிரி செய்ய ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. அவர் அதை எழுதும்போது நான் பின்னால் நின்று பார்ப்பேன். கீபோர்டைப் பார்க்காமலேயே விரல் ஓடும். நான் இன்றைக்கும் ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறேன். இதையும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் ஸ்டூடியோக்காரர்கள் நம்பவில்லை. மூன்று சிஸ்டத்திலும் போட்டு, "ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது" என்று வந்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் மூடினார்கள். திரையில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பார் மட்டும் ஏறும். நான் ஜெரால்டிடம் சொல்லி, பாருக்குக் கீழே தமிழில் ஒரு வரி போட வைத்தேன். இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது, நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்: "இதுவரை ஏறியது எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. கரண்ட் போனாலும் போகாது." அந்த வரி வந்த பிறகுதான் மூன்று சிஸ்டம் நின்றது. நிற்காத கடைகளுக்கு நான் நேரில் போனேன். ஊரப்பாக்கத்தில் ஒருவர் சிஸ்டத்தை மூட மாட்டேன் என்று என்னோடு சண்டையே போட்டார். சண்டை போட்டுத்தான் மூட வைத்தேன்.

5. சால்வை

தை சீசன் ஒரு புகார் இல்லாமல் முடிந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை மேற்கு தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். மேடைக்கு ஜெரால்டைக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டது யார் தெரியுமா? பாஸ்கர். மைக்கைப் பிடித்து, "சார் இல்லன்னா எங்க பொழப்பு நாறியிருக்கும்" என்றான். என்னைக் கட்டிப் பிடித்தானே, அதே கையால் சால்வை போட்டான். கவிதா பேசும்போது, "ஜெரால்ட் சார் தனி ஆளா இதைச் சாதிச்சார்" என்றாள். தனி ஆளாக. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். தட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் பார்ப்பானே. பக்கத்தில் இருந்தவர் என் தோளில் தட்டி, "அண்ணே, உங்க காலத்துல ஹார்ட் டிஸ்க்க ட்ரெயின்ல தூக்கிட்டு வருவோம், ஞாபகம் இருக்கா?" என்றார். என் காலமாம்.

அடுத்த வாரம் சர்வர் ரூமுக்குப் போனேன். அந்தச் சால்வையை யு.பி.எஸ். மேல் தூசு விழாமல் போர்த்தி வைத்திருந்தார் ஜெரால்ட். ஜரிகை போட்ட சால்வை.

"இன்னா ஜெரால்ட், இதுக்கா சால்வை?"

"வீட்ல இடம் இல்ல சார். இங்க யூஸ் ஆகட்டுமேன்னு."

எனக்குக் கிடைத்திருந்தால் ஷோகேஸில் வைத்திருப்பேன். அவருக்கு அது தூசித் துணி. அவருக்கு வேண்டாததை அவருக்கே கொடுக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"மேடைல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கூடுவாஞ்சேரிலேர்ந்து நான் போன் பண்ணேன்னு?"

அவர் நிஜமாகவே திகைத்துப் போனார்.

"சார், நீங்க ஓனர் சார். லேப்போட பேரே உங்க பேருதான். உங்களுக்கு நான் போய் கிரெடிட் குடுத்தா, ஐஸ் வைக்கறேன்னுதானே எல்லாரும் சொல்வாங்க?"

கவிதாவும் அதையேதான் சொன்னாள். "அப்பா, வெளிய எவ்ளோ பெரிய போர்டுல உங்க பேரு இருக்கு. இன்னும் எங்கப்பா போடணும்?"

இதற்குத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். போர்டில் இருக்கும் பேர் இடம் வாங்கியவன் பேர். கரண்ட் பில் யார் பேரில் வருகிறதோ அந்தப் பேர். நான் அன்றைக்கு ஓனராகப் போகவில்லை. ஓனர் ஏ.சி.யில் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டிருப்பான். நான் வேலைக்காரனாகப் போனேன், கடை ஏறினேன், பார்த்தேன், போன் போட்டேன், ஊரையே மூட வைத்தேன். ஓனர் என்பதற்காக அந்த வேலையை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், நான் படிச்சவனும் இல்லை, வேலை தெரிஞ்சவனும் இல்லை, வெறும் போர்டு.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஃபைல் ஏறவில்லை என்றால் சர்வரை மட்டும் பார்க்காதே, அனுப்புகிறவன் மேஜையையும் போய்ப் பார். நின்ற பிறகு பார்க்காதே, ஓடும்போதே பார். வேலை முடிந்த அன்றே, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போதே, யார் என்ன செய்தார் என்று பத்துப் பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிடு. நான் அன்றைக்கு, இதைப் போய்ச் சொல்வதா என்று இருந்துவிட்டேன்.

அப்லோட் பக்கத்தின் அடியில் "வடிவமைப்பு: ஜெரால்ட்" என்று இருக்கிறது. இருக்கட்டும், அது அவருக்குச் சேர வேண்டியது. அதற்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: "மூன்று சிஸ்டத்தைக் கண்டுபிடித்து மூட வைத்தவர்: எத்திராஜ்." நிறுவனர் என்று போட வேண்டாம். அப்பா என்றும் போட வேண்டாம். ஜெரால்டின் பேருக்குக் கீழே வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எழுத்து அதே சைஸில் இருக்க வேண்டும்.